சேக் இப்ராகிம் ஆன பர்க்கார்ட்

ஒரு மொழியைக் கற்பதற்காக ஒரு சங்கம் ஓர் இளைஞருக்குப் பணம் கொடுத்தது. ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. ஆண்டுக் கணக்கில் கொடுத்தது. அந்த மொழி அரபு. அந்த இளைஞரின் பெயர் பர்க்கார்ட்.

ஜோகன் லுட்விக் பர்க்கார்ட் 1784-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் உள்ள லோசான் நகரில் பிறந்தார். ஜெர்மனியில் இரண்டு பல்கலைக் கழகங்களில் படித்தார். 1806-ல் வேலை தேடி இங்கிலாந்துக்குப் போனார். அரசாங்க வேலை கிடைக்கவில்லை.

முதலில் மொழி

லண்டனில் ஆப்பிரிக்கச் சங்கம் என்று ஒன்று இருந்தது. ஆப்பிரிக்காவின் உட்பகுதியை ஆராய்வதற்காக 1788-ல் தொடங்கிய சங்கம் அது. நைஜர் ஆறு எங்கே போய்க் கடலில் கலக்கிறது என்பது அன்று ஐரோப்பியருக்குத் தெரியாது. அதைக் கண்டுவரச் சங்கம் அனுப்பிய சிலர் திரும்பி வரவே இல்லை.

கெய்ரோ நகரிலிருந்து ஒட்டகக் கூட்டத்தோடு பாலைவனத்தைக் கடந்து போகவேண்டும். அதற்கு அரபு மொழி தெரியவேண்டும். பர்க்கார்ட் போக முன்வந்தார். சங்கம் செலவை ஏற்றது. முதலில் மொழி, பிறகு பயணம் என்று முடிவாயிற்று.

கேம்பிரிட்ஜில் அவர் அரபு படித்தார். உடலையும் பழக்கினார். வெறுந்தரையில் படுத்தார். வெயிலில் வெறுந்தலையோடு நடந்தார். காய்கறியும் தண்ணீருமே உணவு.

1809-ல் கப்பல் ஏறினார். சிரியாவில் உள்ள அலெப்போ நகருக்குப் போனார். இந்திய முஸ்லிம் வியாபாரி என்று சொல்லிக்கொண்டார். பெயர் சேக் இப்ராகிம். வழியில் சிலருக்குச் சந்தேகம் வந்தது. இந்துஸ்தானி பேசச் சொன்னார்கள். அவருக்கு அது தெரியாது. தம் ஊர் ஜெர்மன் பேச்சைக் கடகடவென்று பேசினார். கேட்டவர்கள் நம்பிவிட்டார்கள்!

அலெப்போவில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்கினார். குரானையும் இசுலாமியச் சட்டத்தையும் படித்தார். ராபின்சன் குருசோ கதையை அரபு மொழியில் எழுதிப் பழகினார். பாலைவனத்துக்குப் போனபோது கொள்ளைக்காரர்கள் உடுத்திய துணியைக்கூட விடாமல் பறித்தார்கள். அவர் படிப்பை விடவில்லை.

மொழி திறந்த கதவு

1812-ல் கெய்ரோவுக்குப் புறப்பட்டார். வழியில், மலைகளுக்கு நடுவே பாழடைந்த ஒரு நகரம் இருப்பதாகக் கேள்விப்பட்டார். ஆரூன் நபியின் சமாதியில் ஆட்டைப் பலி கொடுக்க நேர்ந்துகொண்டதாகச் சொல்லி, ஒரு வழிகாட்டியோடு போனார். பாறையைக் குடைந்து கட்டிய பெட்ரா நகரைக் கண்டார். அந்த வட்டாரத்து அரபு மக்களுக்கு அது தெரிந்த இடம்தான். ஐரோப்பாவோ அதைப் பல நூறு ஆண்டுகளாக மறந்திருந்தது. 1813-ல் எகிப்தின் தெற்கே, மணலில் புதைந்து கிடந்த அபு சிம்பெல் பெருங்கோயிலையும் கண்டார்.

1814-ல் அரேபியாவுக்குப் போனார். எகிப்தை ஆண்ட முகமது அலி அப்போது அங்கே இருந்தார். அவர் முன்னிலையில் மார்க்க அறிஞர்கள் பர்க்கார்டைச் சோதித்தார்கள். அவர் நன்கு கற்ற முஸ்லிம் என்று தீர்ப்புக் கூறினார்கள். மெக்காவில் சில மாதங்கள் தங்கினார். மதீனாவில் நோயில் விழுந்தார்.

காத்திருந்தபோதே

1815-ல் கெய்ரோவுக்குத் திரும்பினார். மேற்கே போகும் ஒட்டகக் கூட்டத்துக்காகக் காத்திருந்தார். ஒன்றல்ல, இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1817 அக்டோபர் 15-ந் தேதி சீதபேதியால் இறந்தார். வயது 32. முஸ்லிம் முறைப்படி கெய்ரோவில் அடக்கம் செய்தார்கள்.

நைஜர் ஆற்றை அவர் பார்க்கவே இல்லை. அப்படியானால் சங்கத்தின் பணம் வீணா?

இல்லை. அவர் எழுதி அனுப்பிய குறிப்புகளைச் சங்கம் புத்தகங்களாக வெளியிட்டது. நூபியா, சிரியா, அரேபியா நாடுகளைப் பற்றி ஐரோப்பியர் அறிய அவை உதவின. அவர் திரட்டி விளக்கிய அரபுப் பழமொழிகளும் 1830-ல் அச்சாயின.

தாம் சேர்த்த முன்னூறுக்கும் மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்துக்கு எழுதி வைத்தார். அரபு எழுத்துகளை அவர் கற்ற ஊர் அது. தமக்குப் பின் வரும் மாணவர்களுக்கு அவர் விட்டுச் சென்ற உதவித் தொகை அதுவே.