சென்னையில் தெரிந்த பச்சை சூரியன்... மிச்சி ஸ்மித்துக்குக் கிடைக்காத அந்த ஒரு அளவு எது?

குற்றாலத்தில் சீசன் தொடங்கி நல்ல மழை பெய்து ஓய்ந்தால், தென்காசியிலிருந்து பார்க்கும்போது மலை கழுவி வைத்ததுபோல் தெரியும். காற்றில் இருந்த தூசியையும் புகையையும் மழை கீழே இறக்கிவிடுகிறது, அவ்வளவுதான். சரி, அதே தூசி மழை மேகத்துக்கும் மேலே போய்விட்டால்? எந்தச் சாரலும் அதைத் தொட முடியாது. மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் அங்கேயே மிதக்கும்.

அதனால்தான் தூசிப் படலத்தின் உயரம் முக்கியம். அந்த ஒரு அளவு கையில் இல்லாமல் பெரிய புதிர் ஒன்றுடன் மோதியவர் சார்லஸ் மிச்சி ஸ்மித்.

யார் இவர்?

1854-ல் ஸ்காட்லாந்தின் கீக் என்ற ஊரில், பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர். 1876-ல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார். கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது.

பச்சை சூரியன்

1883 ஆகஸ்ட் 26, 27 தேதிகளில், இன்றைய இந்தோனேசியாவில் உள்ள கிரகடோவா எரிமலை வெடித்துச் சிதறியது. செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. இன்று நடந்திருந்தால் போன் கேமராக்கள் ஓய்ந்திருக்காது. அன்று மிச்சி ஸ்மித் எடுத்தது நிறமாலைமானி, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவி.

அதில் சிவப்புப் பகுதி பெரிதும் மங்கியிருந்தது. நீராவிக்கு உரிய கோடுகள் வழக்கத்தைவிட அழுத்தமாக இருந்தன. இரண்டையும் கவனமாகப் பதிவு செய்தார். அந்தக் கோடுகளைப் பார்த்ததும் அவரது கவனம் நீராவி பக்கம் போனது.

எங்கே சிக்கல்?

அளந்ததில் தப்பு இல்லை. ஆனால், சூரியனிலிருந்து கண் வரைக்கும் வழியில் என்னென்ன இருக்கிறது என்றுதான் நிறமாலை சொல்லும். எது எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்லாது. தாழ்வாக இருந்த ஈரப்பதமும், உச்சியில் மிதந்த எரிமலைத் துகள்களும் ஒரே கணக்கில் கலந்துவிட்டன.

விடை 1888-ல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட அறிக்கையில் வந்தது. எந்த ஊரில் எந்தத் தேதியில் வானம் நிறம் மாறியது என்று வரிசைப்படுத்தியபோது, எல்லாத் தடமும் கிரகடோவாவில் போய் நின்றது. சூரியன் மறைந்த பிறகும் வானம் எவ்வளவு நேரம் சிவந்திருந்தது என்பதை வைத்துப் படலத்தின் உயரத்தையும் கணக்கிட்டார்கள். விடியற்காலையில் தென்காசித் தெருக்களுக்கு முன்பே மலையுச்சியில் வெயில் விழுகிறதே, அதே லாஜிக்தான். எவ்வளவு உயரமோ, அவ்வளவு கூடுதல் நேரம் வெளிச்சம்.

ஏன் பச்சை? ஏறத்தாழ ஒரே அளவுள்ள நுண்துகள்கள் சிவப்பு ஒளியை அதிகமாகச் சிதறடித்தன. நீலத்தைக் காற்று ஏற்கெனவே சிதறடித்திருந்தது. மிஞ்சியது பச்சை.

மலையேறிய மனிதர்

சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் 1891-ல் இறந்த பிறகு, மிச்சி ஸ்மித் அரசு வானியலாளர் ஆனார். தூசியும் ஈரமும் குறைந்த இடம் தேடி நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தேர்வானது கொடைக்கானல். சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், 1895-ல் அடிக்கல் நாட்டப்பட்ட சூரிய ஆய்வகம் 1899-ல் செயல்படத் தொடங்கியது. 1911-ல் ஓய்வு பெற்ற அவர், 1922-ல் அதே ஊரில் காலமானார்.

இப்போ எப்படி அளக்கிறார்கள்?

2006-ல் நாசாவும் பிரான்ஸும் ஏவிய கலிப்ஸோ செயற்கைக்கோள், சுமார் 700 கி.மீ. உயரத்திலிருந்து லேசர் ஒளியைக் கீழே பாய்ச்சியது. துகளில் பட்டு அந்த ஒளி திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு. ஒரு நொடியில் 10 லட்சத்தில் ஒரு பங்கு தாமதம் என்றால், படலம் 150 மீட்டர் தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். கலிப்ஸோவின் பணி 2023-ல் முடிந்தது. 2024 மே மாதம் ஏவப்பட்ட ஐரோப்பா-ஜப்பான் கூட்டு முயற்சியான எர்த்கேர் செயற்கைக்கோளிலும் லேசர் கருவி இருக்கிறது.

இதனால் நமக்கு என்ன? ஒரு ஊரின் வானம் மங்கலாக இருந்தால், மேலிருந்து எடுக்கும் சாதாரணப் படத்தில் அது வெறும் மங்கல்தான். லேசர் அந்த ஊரைக் கடக்கும்போதோ, அந்தப் புகை தெருமட்டத்தில் நம் நுரையீரலுக்குள் போகிறதா, நாலு கிலோமீட்டர் மேலே சும்மா கடந்து போகிறதா என்று பிரித்துச் சொல்லிவிடும். மாஸ்க் போட வேண்டியது முதல் வகைக்குத்தான்.