வளைந்த கால்களின் வித்தை

குழந்தைகளே, வளைந்த கால்களோடு கால்பந்து ஆட முடியுமா? பிரேசில் நாட்டின் பாவ் கிராண்டி என்ற சிற்றூரில், 1933ல் பிறந்த கரிஞ்சாவைக் கேளுங்கள்! இடது கால் வெளிப்பக்கமும், வலது கால் உட்பக்கமும் வளைந்திருந்தன. ஒரு கால் குட்டை வேறு. வீட்டில் வறுமை, 14 வயதிலேயே துணி ஆலையில் வேலை. கரிஞ்சா என்பது, சின்னஞ்சிறு குருவி ஒன்றின் பெயர். சகோதரி வைத்த செல்லப் பெயர்.

1953ல், ரியோ நகரின் பொட்டாபோகோ அணிக்குத் தேர்வு. தடுக்க நின்றவரோ, பிரேசில் வீரர் நில்டன் சான்டோஸ்! அவரையே ஏமாற்றிப் பந்தைக் கடத்திப் போனார் கரிஞ்சா. சான்டோஸ் கோபப்படவில்லை, பையனை உடனே சேர்த்துக்கொள்ளச் சொன்னதே அவர்தான். என்ன பெரிய மனசு, பார்த்தீர்களா!

கரிஞ்சா பெரும்பாலும் வலப்பக்கம்தான் பாய்வார். தெரிந்தும் தடுக்க முடியாது. 1962 உலகக் கோப்பையில், பீலே காயமடைந்து விலக, காலிறுதியில் 2, அரையிறுதியில் 2 கோல் அடித்தார், கோப்பை பிரேசிலுக்கே. 1983ல் மறைந்தார். பீலேயும் அவரும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே இல்லை!