மலேரியாவை எதிர்த்த மருத்துவர் மால்கம் வாட்சன்

நம் முன்னோர் காடழித்து இரப்பர்த் தோட்டங்கள் அமைத்த காலத்தில், மலேரியாக் காய்ச்சல் அவர்களுள் பலரை மாய்த்தது. அந்நோயை எதிர்த்து நின்றவர் மால்கம் வாட்சன். 1873-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், 1901-இல் கிள்ளான் மாவட்ட மருத்துவரானார்.

மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதை ரொனால்ட் ராஸ் 1897, 1898 ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் ஆராய்ந்து கண்டிருந்தார். அவ்வுண்மையை வாட்சன் செயலாக்க முனைந்தார். மருந்து மட்டும் போதாது, கொசு வளரும் சதுப்பு நிலத்தையே வடிக்க வேண்டும் என்றார். அரசு பொருள் தந்தது. பொறியாளர் வடிகால் வகுத்தனர். தொழிலாளர் மண் வெட்டினர். கிள்ளானில் காய்ச்சல் தணிந்தது.

ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் காடழித்த பின்னரும் காய்ச்சல் பெருகிற்று. வாட்சன் சோர்ந்தாரில்லை, மீண்டும் ஆராய்ந்தார். அங்கே வேறோர் இனக் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வளர்வதை அறிந்தார். ஆகவே ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தினர்; தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தனர். பல உயிர்கள் பிழைத்தன. 1924-இல் 'சர்' பட்டம் பெற்ற அவர் 1955-இல் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே! இன்று டெங்கிக் கொசு நம் வீட்டு வாளியிலும் பூச்சட்டியிலும் வளர்கிறது. இடமறிந்து, அனைவரும் கூடித் தேங்கிய நீரை அகற்றுவோமாக!