மீசை வைத்த அம்மா

கிஜுபாய் பதேகா 1885ஆம் ஆண்டு குஜராத்தில் பிறந்தார், வழக்கறிஞராகப் பணியாற்றினார். தம் மகன் பிறந்தபின் குழந்தைக் கல்வியைப் பற்றிச் சிந்திக்கலானார். அக்காலத்தில் பிரம்புக்கும் மனப்பாடத்திற்கும் அஞ்சியே குழந்தைகள் பலர் பள்ளி சென்றனர். அச்சம் நிறைந்த உள்ளத்தில் கல்வி நுழையாது என உணர்ந்த அவர், வழக்கறிஞர் தொழிலைத் துறந்து ஆசிரியரானார்.

1920இல் பாவநகரில் ‘பால மந்திர்’ என்னும் மழலையர் பள்ளியைத் தொடங்கினார். அங்கே தண்டனை இல்லை. கதை, பாடல், ஆடல், நாடகம் ஆகியவற்றின் வழியே குழந்தைகள் மகிழ்ந்து கற்றனர். அச்சமற்ற வகுப்பறையை உருவாக்க முயலும் ஆசிரியர் ஒருவரின் கதையைப் ‘பகற்கனவு’ என்னும் நூலாகவும் எழுதினார். தாயன்பு மிக்க அவரை மக்கள் ‘மீசை வைத்த அம்மா’ என்று அழைத்தனர். அவர் 1939இல் மறைந்தார்.

மாணவர்களே, பாடம் கடினமாகத் தோன்றினால் அதனை அஞ்சாமல் ஆசிரியரிடம் கூறுங்கள். கிஜுபாய் விரும்பிய வகுப்பறை அங்கேயே தொடங்கும்.