வைத்தியர் கமலிகா அபேயரத்ன: மௌனத்தைக் கலைத்த வாழ்வு



எச்.ஐ.வி. பரவும் வழிகளை விஞ்ஞான பாடத்தில் நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். தொற்றுள்ள குருதியை ஏற்றுதல் அவற்றுள் ஒன்று. அந்த ஒரு வரி எமது நாட்டின் வைத்தியர் ஒருவரின் வாழ்வையே மாற்றியது.

கமலிகா அபேயரத்ன சிறுவர் நோய் வைத்திய நிபுணர். 1995 இல் வீதி விபத்தொன்றில் அவர் படுகாயமடைந்தார். உயிரைக் காக்க அவருக்குக் குருதி ஏற்றப்பட்டது. உயிர் தப்பினார். ஆனால் ஏற்றிய குருதியுடன் எச்.ஐ.வி.யும் உடலினுள் புகுந்துவிட்டது.

குருதியைச் சோதித்தால் போதாதா என நீங்கள் கேட்கலாம். வைரசு புகுந்தவுடனே சோதனையில் தென்படாது. தொற்று ஏற்பட்டுச் சிறிது காலம் சோதனை தொற்றில்லை எனக் காட்டலாம். இதுவே சாளரக் காலம். ஆகவே குருதிக் கொடையாளர் தம்மைப் பற்றிய வினாக்களுக்கு உண்மையான விடை கூறுவதும் சோதனையளவு முக்கியமானது.

இலங்கையர் ஒருவரில் எச்.ஐ.வி. முதன்முதலாக இனங்காணப்பட்டது 1987 இல் ஆகும். அக்காலத்தில் இத்தொற்றுள்ளவரைச் சமூகம் குற்றவாளியாகவே பார்த்தது. கமலிகா விரும்பியிருந்தால் நோயை மறைத்து வாழ்ந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தமக்குத் தொற்று உள்ளதென இந்நாட்டில் வெளிப்படையாகக் கூறிய முதற் சிலருள் அவரும் ஒருவரானார். தொற்றுடன் வாழ்வோருக்கு உதவும் அமைப்பொன்றை உருவாக்க உழைத்தார். அவர்களுக்குச் சிகிச்சையும் மரியாதையும் கிடைக்க வேண்டுமெனக் குரல் கொடுத்தார். வைரசை அடக்கும் மருந்துகள் அரச சேவையில் இலவசமாக வழங்கப்படத் தொடங்கியது 2004 இலேயே. அவ்வாண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

அவர் வெளியே பேசியதால் விளைந்த பயன் யாது? குற்றம் செய்தவருக்கே இந்நோய் வரும் என்ற எண்ணம் ஆட்டங்கண்டது. பழிச்சொல்லுக்கு அஞ்சுபவர் சோதனைக்குச் செல்லமாட்டார். சோதிக்காதவர் தம்மை அறியாமலே பிறருக்குத் தொற்றைக் கடத்துவார். இதனை நன்கு விளங்கிக்கொள்ளுங்கள்.

இனி, பாடத்துடன் இணைத்துப் பார்ப்போம்.

வைத்தியசாலையில்: எச்.ஐ.வி., ஈரலழற்சி பி, ஈரலழற்சி சி ஆகிய மூன்றும் குருதி வழியே பரவும் வைரசுகளால் ஏற்படும் தொற்றுகளாகும். கிருமியழிக்காத கருவிகளாலும் ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றவருக்குப் பயன்படுத்துவதாலும் இவை பரவலாம். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி தவறுதலாகக் குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு 1000 இல் ஏறத்தாழ 3 ஆகும். ஈரலழற்சி பி வைரசில் இது பல மடங்கு அதிகம். அவ்வைரசு உடலுக்கு வெளியே உலர்ந்த குருதியில் குறைந்தது 7 நாட்கள் தொற்றும் ஆற்றலுடன் இருக்கக்கூடும்.

குடும்பத்தில்: பாதுகாப்பற்ற பாலுறவின் மூலம் கணவன், மனைவியரிடையே பரவலாம். தாயிடமிருந்து குழந்தைக்குக் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் பரவலாம், எச்.ஐ.வி. தாய்ப்பால் மூலமும் பரவும். உரிய சிகிச்சையால் இதைத் தடுக்கலாம். தாயிலிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சான்றுப்படுத்தியது. சவர அலகையும் பல்துலக்கியையும் வீட்டில் எவருடனும் பகிர வேண்டாம்.

பரவாத வழிகள்: ஒரே கோப்பையில் உண்ணுதல், கட்டியணைத்தல், ஒரே கிணற்றில் குளித்தல், நுளம்புக் கடி. தொற்றுள்ளவருடன் ஒரே வீட்டில் அச்சமின்றி வாழலாம்.

இலங்கையில் ஈரலழற்சி பி தடுப்பூசி 2003 முதல் குழந்தைகளுக்கு வழங்கப்படுகிறது. ஈரலழற்சி சி இற்குத் தடுப்பூசி இல்லை. ஆயினும் மருந்தால் குணப்படுத்தலாம்.

ஏ9 வீதியில் விபத்துக்குள்ளாகும் ஒருவருக்கு வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ குருதி தேவைப்படலாம். அது யாரோ ஒருவர் பணம் பெறாது மனமுவந்து கொடுத்ததாகும். இன்று தானமாகப் பெறும் குருதி ஒவ்வொன்றும் எச்.ஐ.வி., ஈரலழற்சி பி, ஈரலழற்சி சி, சிபிலிசு, மலேரியா ஆகியவற்றுக்காகச் சோதிக்கப்படுகிறது. 18 வயதானதும் நீங்களும் குருதி வழங்கலாம். அன்று வினாப்பத்திரத்துக்கு உண்மையாக விடையளியுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. சாளரக் காலம் என்றால் என்ன?
2. குருதி வழியே பரவும் வைரசுத் தொற்றுகள் மூன்று தருக.
3. எச்.ஐ.வி. தொற்றுள்ளவரை ஒதுக்குவது நோய் பரவலைக் கூட்டும். காரணம் தருக.