பிளேக் ஊசி தந்த ஹாஃப்கின்

செத்த எலியை விட்டிறங்கும் தெள்ளுப்பூச்சியின் குடலை எர்சினியா கிருமி அடைத்துவிடும். பசி அடங்காமல் அது மனிதரைக் கடிக்கக் கடிக்க, கிருமி உடலில் இறங்கி அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும். 1896இல் பம்பாயைச் சூறையாடிய பிளேக் இதுதான். பிற்பாடு அன்றைய சேலம் மாவட்டத்து ஓசூர் பக்கமும் வந்தது.

ஒடெசாவில் பிறந்த யூதரான வால்டெமர் ஹாஃப்கின், கொன்ற கிருமியில் தடுப்பு மருந்து செய்து, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். மக்கள் ஊசிக்கு அஞ்சியபோது, இளைஞரான ஆகா கான் பலர் பார்க்கப் போட்டுக்கொண்டார். இந்தச் செய்தி நம்மில் பலருக்குத் தெரியாது.

1902இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்ட 19 பேர் ரணஜன்னியில் இறந்தார்கள். எல்லோருக்கும் ஒரே குப்பி. அதைத் திறக்கையில் இடுக்கி தரையில் விழுந்திருந்தது. பழியோ ஹாஃப்கின் தலையில்! அது நீங்க 1907 ஆயிற்று. மீண்டும் கல்கத்தா வந்து உழைத்தவர், 1930இல் லொசானில் இறந்தார்.