புயல் செய்தியில் வரும் 'ஹெக்டோபாஸ்கல்'... யார் இந்த பாஸ்கல்? மலை ஏறாமலேயே காற்றை எடை போட்டவரின் கதை

2022 டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது, செங்கல்பட்டு மாவட்டத்தில் பலர் தூங்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றின் வேகம், மழை அளவு, கூடவே இன்னொரு எண்: மையத்தில் காற்றழுத்தம் இத்தனை ஹெக்டோபாஸ்கல். வேகம் புரியும், மழை புரியும். இந்த ஹெக்டோபாஸ்கல் என்னன்னு கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

ஹெக்டோ என்றால் நூறு. பாஸ்கல் என்பது ஒரு மனிதரின் பெயர். பிளேஸ் பாஸ்கல், பிரான்ஸ்காரர். 39 வயதில் இறந்துபோனவர். பாதி வாழ்க்கை நோயிலேயே கழிந்தது. ஆனாலும் காற்றுக்கு எடை உண்டு, அந்த எடையை அளக்கலாம் என்பதை யாரும் மறுக்க முடியாதபடி காட்டியவர்களில் இவர் முக்கியமானவர்.

அப்பா ஒளித்து வைத்த கணக்கு

1623 ஜூன் 19ஆம் தேதி கிளெர்மோன் என்ற ஊரில் பிறந்தார். மூன்று வயதில் அம்மா இறந்துவிட்டார். அக்கா கில்பர்ட், தங்கை ஜாக்குலின். அப்பா எத்தியேன் வரித்துறை அதிகாரி, நல்ல கணித அறிவு உள்ளவர். 1631ல் பிள்ளைகளோடு பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். பள்ளிக்கு அனுப்பாமல் மகனுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தினார். ஒரே ஒரு கண்டிப்பு: மொழிப் பாடங்கள் முடியும்வரை கணக்கு கிடையாது. கணக்கு ருசி கண்டுவிட்டால் பையன் மற்றதைத் தொடமாட்டான் என்ற பயம்.

ஒளித்து வைத்தால் சும்மா இருப்பானா? 12 வயதில், முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் இரண்டு செங்கோணம் வரும் என்பதைத் தானாகவே கண்டுபிடித்ததாக அக்கா எழுதி வைத்திருக்கிறார். 16 வயதில் எழுதிய வடிவியல் கட்டுரை பாரிஸ் அறிஞர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ரூவான் நகரில் வரி வேலை பார்த்த அப்பா ராத்திரியெல்லாம் கூட்டல் கழித்தலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, 1642ல் பல்சக்கரங்கள் வைத்த கணக்கு இயந்திரம் ஒன்றை வடிவமைக்கத் தொடங்கினார். 'பாஸ்கலீன்' என்று பெயர் பெற்ற அந்த இயந்திரம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் விலை அதிகம், விற்கவில்லை.

கிணற்று மோட்டாரும் 10 மீட்டர் ரகசியமும்

பாஸ்கல் காற்றுப் பக்கம் திரும்பிய கதைக்குப் போகும் முன், செங்கல்பட்டு பக்கம் ஒரு விவசாயக் கிணற்றை எட்டிப் பாருங்கள். ஆழமான கிணறாக இருந்தால், உறிஞ்சும் மோட்டாரைக் கரையில் வைக்காமல் உள்ளே திட்டு கட்டி இறக்கி வைத்திருப்பார்கள். ஏன்? மேலே இருந்து எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் சுமார் 25 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை உறிஞ்சி எடுப்பது கஷ்டம். கணக்குப்படியான உச்ச எல்லையே சுமார் 10.3 மீட்டர்தான்.

இதே பிரச்சினை 1600களில் இத்தாலியின் பம்ப் வேலைக்காரர்களுக்கும் வந்தது. வயதான கலிலியோவும் இதைப் பற்றி எழுதினார், சரியான காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. அவருடைய கடைசிக் காலத்தில் உடனிருந்த டோரிசெல்லிதான் 1640களில் விடையைத் தொட்டார். மோட்டார் தண்ணீரை 'இழுப்பதில்லை'. குழாய்க்குள் காற்று குறையும்போது, வெளியே கிணற்று நீரின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்று அதை மேலே தள்ளுகிறது. காற்றால் தள்ள முடிந்த உயரம் அவ்வளவுதான். தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசம் என்றால் வெறும் 76 சென்டிமீட்டர். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தால், அந்த உயரத்தில் வந்து நின்றுவிடும். மேலே ஒரு வெற்றிடம் இருக்கும்.

அந்த வெற்றிடம்தான் சண்டையே. இயற்கையில் வெற்றிடம் என்று ஒன்று இருக்கவே முடியாது என்பதுதான் அன்றைய படித்தவர்களின் நம்பிக்கை.

ஒயினும் கப்பல் பாய்மரமும்

1646ல் இந்தச் சோதனை பற்றி ரூவானில் கேள்விப்பட்ட பாஸ்கலுக்கு வயது 23. குழாயின் மேலே இருப்பது திரவத்தின் ஆவிதான், வெற்றிடம் இல்லை என்றார்கள் எதிர்த்தரப்பினர். சரி, அப்படியென்றால் எளிதில் ஆவியாகும் ஒயினில் ஆவி அதிகம் வந்து, தண்ணீரைவிட அதிகமாகக் கீழே தள்ள வேண்டும் இல்லையா? ஊரில் நல்ல கண்ணாடிப் பட்டறைகள் இருந்தன. சுமார் 15 மீட்டர் நீளக் குழாய்களைச் செய்ய வைத்து, கப்பல் பாய்மரத்தில் கட்டி நிமிர்த்தி, ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் சிவப்பு ஒயின் என்று ஊர்க்காரர்கள் முன்னிலையில் செய்து காட்டினார். ஒயின்தான் உயரமாக நின்றது. காரணம் எளிது, அது தண்ணீரைவிட லேசு. எடைதான் விஷயம், ஆவி இல்லை.

தண்ணீர் நிறைத்த பீப்பாயில் மெல்லிய நீளக் குழாயைச் செருகி, மேலே இருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றியே பீப்பாயை இவர் வெடிக்க வைத்தார் என்ற கதையை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அதன் தத்துவம் சரி. ஆனால் பாஸ்கல் அதைச் செய்ததற்கு நம்பகமான ஆதாரம் கிடையாது.

சொந்த ஊர் மலை, ஆனால் போக முடியவில்லை

1647ல் உடல்நிலை மோசமாகி, ஊன்றுகோல் இல்லாமல் நடக்கவே சிரமப்பட்டார் பாஸ்கல். பாரிஸில் அவரைப் பார்க்க வந்தவர்களில் அந்தக் காலத்தின் பெரிய தத்துவவாதி டேக்கார்ட்டும் ஒருவர். அவருக்கு வெற்றிடத்தில் நம்பிக்கை இல்லை. அடுத்து வரப்போகும் மலைச் சோதனையின் யோசனை தன்னுடையது என்று பின்னாளில் அவர் உரிமை கொண்டாடினார். யார் முதலில் சொன்னார்கள் என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை.

யோசனை இதுதான்: பாதரசத்தைத் தாங்குவது காற்றின் எடை என்றால், மலை உச்சியில் மேலே இருக்கும் காற்று குறைவு, பாதரசமும் இறங்கித்தான் ஆக வேண்டும். மலைக்குப் பஞ்சமில்லை. சொந்த ஊர் கிளெர்மோன் பக்கத்திலேயே 1,465 மீட்டர் உயர பூய் தெ தோம் இருக்கிறது. ஏறுவதற்குத்தான் உடம்பு இல்லை. 1647 நவம்பரில், அங்கே வசித்த அக்கா வீட்டுக்காரர் ஃப்ளோரின் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். வேலை, வானிலை என்று பத்து மாதம் இழுத்தது.

1648 செப்டம்பர் 19ஆம் தேதி பெரியே கிளம்பினார். ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டார். அடிவாரத்தில் ஒரு மடத்துத் தோட்டத்தில் இரண்டு குழாய்களில் அளவெடுத்தார்கள், இரண்டிலும் ஒரே உயரம். ஒன்றை அங்கேயே விட்டு, நாள் முழுக்கக் கண்காணிக்க ஒரு பாதிரியாரை உட்கார வைத்தார்கள். இன்னொன்று மலையேறியது. சுமார் 3,000 அடி ஏறி அளந்தபோது பாதரசம் ஏறக்குறைய 8.5 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. நம்ப முடியாமல், உச்சியிலேயே இடம் மாற்றி மாற்றி ஐந்து முறை அளந்தார்கள். கீழே பாதிரியார் பார்த்த குழாயில் நாள் முழுக்க மாற்றமே இல்லை.

இந்தச் சோதனையில் மலையைவிட முக்கியம் அந்தப் பாதிரியார்தான். அவர் இல்லாவிட்டால், அன்றைக்கு ஊர் முழுக்கவே வானிலை மாறியிருக்கும் என்று யாராவது சொல்லித் தப்பித்திருப்பார்கள்.

செய்தி கிடைத்ததும் பாஸ்கல் பாரிஸில் சுமார் 50 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றில் அதையே சோதித்தார். சிறிய இறக்கம்தான், ஆனாலும் தெரிந்தது. உலகத்தின் மொத்தக் காற்றுக்கும் எடை கணக்குப் போட்டார். இன்றைய மதிப்போடு ஒப்பிட்டால் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் குறைவு. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் அப்படியே பரவும் என்ற அவருடைய விதியில்தான் இன்றைய கார் பிரேக்கும் ஜேசிபியின் கையும் இயங்குகின்றன.

ஒரே அழுத்தம், ஏன் இத்தனை அலகு?

1 சதுர மீட்டர் பரப்பில் 1 நியூட்டன் விசை என்பதுதான் 1 பாஸ்கல். ரொம்பச் சின்னது. மேசையில் கிடக்கும் ஒரு ஏ4 தாள் கொடுக்கும் அழுத்தமே கிட்டத்தட்ட அவ்வளவு. கடல் மட்டத்தில் காற்றின் சராசரி அழுத்தம் 1,01,325 பாஸ்கல். அதைத்தான் வானிலைக்காரர்கள் 1013 ஹெக்டோபாஸ்கல் என்கிறார்கள். பழைய ரேடியோ செய்தியில் வந்த மில்லிபாரும் அதே எண்தான். பாதரசக் கணக்கில் அது 760 மில்லிமீட்டர், பி.எஸ்.ஐ. கணக்கில் 14.7, தொழிற்சாலைக் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 1.03 கிலோ.

பலர் குழம்பும் இடம் வேறு. ஈசிஆர் ரோட்டில் டயருக்கு 32 பி.எஸ்.ஐ. காற்றடிக்கிறீர்கள். அது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்ற அளவு, அதாவது கேஜ் அழுத்தம். உண்மையான முழு அழுத்தம் சுமார் 47. பஞ்சரான டயரில் கேஜ் பூஜ்ஜியம் காட்டும், உள்ளே 14.7 இருக்கத்தான் செய்யும். டாக்டர் சொல்லும் 120 பிபியும் இப்படித்தான், வெளிக்காற்றின் 760க்கு மேலே 120. வானிலை அறிக்கையில் வருவது மட்டும் வெற்றிடத்திலிருந்து எண்ணிய முழு அழுத்தம். இரண்டையும் கலந்தால் கணக்கு ஒரு முழு வளிமண்டலம் அளவுக்குத் தப்பிப்போகும்.

மாமல்லபுரம் போகும் வழியில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன. ஒன்று 2013லிருந்து தினமும் 10 கோடி லிட்டர், 2024ல் திறந்த இன்னொன்று 15 கோடி லிட்டர் திறன் கொண்டது. கடல்நீரைச் சவ்வு வழியே தள்ள இத்தகைய ஆலைகளுக்குப் பொதுவாக 55 முதல் 70 பார் வரை அழுத்தம் வேண்டும். 60 பார் என்றால் 600 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணின் கனம்.

புயலில் நடப்பது தலைகீழ். மையத்தில் காற்றின் கனம் குறைகிறது. 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் எழும்பும். காற்று தள்ளிவரும் அலைதான் பெரிய ஆபத்து, இது அதற்கு மேல் ஏறும் கூடுதல். 1999 ஒடிசா பெரும்புயலில் மைய அழுத்தம் 912 வரை போனதாகக் கணக்கிடப்பட்டது. அப்போது இந்தக் கூடுதல் மட்டுமே ஏறக்குறைய 1 மீட்டர்.

கடைசி வருடங்கள்

1651ல் அப்பா இறந்தார், அடுத்த ஆண்டு தங்கை மடத்தில் சேர்ந்தார். 1654ல் ஃபெர்மாவோடு கடிதம் வழியாக நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளம் போட்டார் பாஸ்கல். அதே ஆண்டு நவம்பரில் ஓர் இரவு ஏற்பட்ட ஆன்மிக அனுபவத்துக்குப் பிறகு அவர் மனம் பெரும்பாலும் மதத்தின் பக்கமே போய்விட்டது. ஆனாலும் 1662 மார்ச்சில், குறிப்பிட்ட வழி, குறிப்பிட்ட நேரம், 5 சூ கட்டணம் என்று பாரிஸில் ஓடத் தொடங்கிய குதிரை வண்டிச் சேவையின் பின்னால் இருந்தவர் இவர்தான். இன்றைய டவுன் பஸ்ஸுக்கு முன்னோடி. அதே ஆகஸ்ட் 19ஆம் தேதி இறந்தார். காற்றின் எடை பற்றிய நூல் அடுத்த ஆண்டுதான் அச்சானது. அழுத்தத்தின் அலகுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது 1971ல்.

அவர் சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். சில ஸ்மார்ட்போன்களில் காற்றழுத்த சென்சார் உண்டு, அதைக் காட்டும் ஆப்களும் உண்டு. திருக்கழுக்குன்றம் மலையடியில் எண்ணைக் குறித்துக்கொண்டு படியேறுங்கள். சுமார் 500 அடி உயரத்தில் 17 ஹெக்டோபாஸ்கல் வரை குறைய வேண்டும். ஒரு எச்சரிக்கை: நம் ஊரில் காலை 10 மணி வாக்கில் காற்றழுத்தம் உச்சத்தில் இருக்கும், மாலை 4 மணிக்குள் தானாகவே 3, 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கும். அதனால் இதே வசதியுள்ள இன்னொரு போனோடு ஒருவரைக் கீழேயே உட்கார வையுங்கள்.